காரணம் என்ற கட்டம்

1974ஆம் ஆண்டில் எங்கள் தோட்டத்தில் பசியால் எவரும் இறக்கவில்லை. தோட்டத்து மரணப் பதிவேடு அப்படித்தான் சொல்கிறது. வயிற்றோட்டம், இரத்தசோகை, நெஞ்சுச்சளி, முதுமை என்று ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் காரணம் என்ற கட்டம் நிரப்பப்பட்டிருந்தது. அந்த ஆண்டு இறந்தவர்களைத் தூக்கிக்கொண்டு போய்த் தேயிலை மலையின் ஓரத்தில் புதைத்தவர்களில் நானும் ஒருவன். எனக்கு அப்போது பதினேழு வயது. குழி வெட்ட இறங்கியவர்கள் நாலு வெட்டு வெட்டுவதற்குள் மூச்சு வாங்கி மேலே ஏறினார்கள், அடுத்தவர் இறங்கினார். தப்படிக்க வேண்டியவர் கால் வீங்கித் தம் காம்பரா வாசலில் உட்கார்ந்திருந்தார். தப்புச் சத்தம் இல்லாமல் ஒரு பிணம் வரிசை வீடுகளான லயத்தை விட்டுப் போனதை அதற்கு முன் எங்கள் தோட்டத்தில் யாரும் கண்டதில்லை.

அந்தக் கட்டத்தில் எழுதியிருப்பது பொய் என்று அதிகாரிகளின் முன்னால் சொன்னவர் என் அப்பா. அதற்கு அவரும் எங்கள் குடும்பமும் கொடுத்த விலையை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவர் அதைச் சொன்ன அன்று தோட்டத்து ஆபீஸ் வாசலில் நின்றவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் மிகச் சிலர். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் கலஹாவுக்கு மேலே இருக்கிறது. பேராதனையிலிருந்து ஹிந்தகல வழியாக ஏறுகிற பாதை கலஹா பஜாரை அடைந்து, அங்கிருந்து தெல்தோட்டைப் பக்கமும் லூல்கந்துர பக்கமும் போகிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டது அந்த லூல்கந்துரயில்தான். அவர் உட்கார்ந்திருந்த கல்லாசனத்தைப் பார்க்க இன்றும் வெளிநாட்டார் வருகிறார்கள். அந்த 19 ஏக்கரில் கன்று நட்டவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. எங்கள் தோட்டத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அங்கே இன்று வேலை செய்பவர்களுக்கும், அதை நடத்துபவர்களுக்கும் 1974இல் நடந்ததில் பங்கு கிடையாது.

நடந்ததைச் சொல்வதற்கு முன் எங்கள் சட்ட நிலையைச் சொல்ல வேண்டும். 1948இல் சுதந்திரம் கிடைத்த அதே ஆண்டில் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதில் தமிழர் என்றோ இந்தியர் என்றோ தோட்டத் தொழிலாளி என்றோ ஒரு சொல்லும் கிடையாது. தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தகப்பன் வழிப் பாட்டனும் முப்பாட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்று மட்டும் அது கேட்டது. பிறப்பை யாரும் பதிந்து வைக்காத லயத்துச் சனங்களிடம் மூன்று தலைமுறைக்குச் சான்று கேட்டார்கள். இந்த நாட்டில் பிறந்து இந்த மண்ணிலேயே உழைத்தவர்கள் ஒரே நாளில் எந்த நாட்டையும் சேராதவர்கள் ஆனார்கள். அடுத்த ஆண்டு தேர்தல் சட்டத்தைத் திருத்தி வாக்கையும் எடுத்துக்கொண்டார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. 1952இல் ஒருவரும் போக முடியவில்லை. கோடாக்கன் பிள்ளை என்பவரின் வழக்கு லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போனது. சட்டம் இந்தியத் தமிழரைக் குறிவைத்து எழுதப்பட்டது அல்ல, ஆகவே பாரபட்சம் இல்லை என்று 1953இல் தீர்ப்பு வந்தது. ஒரு பொய்யான வாக்கியம்கூட இல்லாமல் எழுதப்பட்ட ஏமாற்று அந்தச் சட்டம். எங்கள் வீட்டில் நடந்தவற்றை நான் அங்கிருந்துதான் எண்ணத் தொடங்குவேன்.

அந்தப் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பரிகாரம் என்று 1949இல் இன்னொரு சட்டம் வந்தது. திருமணமானவர்கள் ஏழு ஆண்டும் மற்றவர்கள் பத்து ஆண்டும் இங்கே தொடர்ந்து வசித்ததை நிரூபித்தால் பிரஜாவுரிமை தருவதாகச் சொன்னது. மனுச் செய்ய 1951 ஓகஸ்ட் 5 வரை தவணை. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக மனுக்கள் போயின. கடைசியில் கிடைத்தது சுமார் 134,000 பேருக்குத்தான்.

என் தாத்தாவும் மனுப் போட்டார். விசாரணைக்குக் கண்டிக்கு வரச் சொன்னார்கள். கச்சேரி வாசலில் மனு எழுதிக் கொடுத்தவர், "இந்தியாவுக்குக் காசு அனுப்பினியான்னு கேப்பாங்க, இல்லேன்னு சொல்லிடு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். கேட்டார்கள். தாத்தா, "அனுப்பினேங்க. ஆத்தா செத்த செலவுக்கு" என்றார். நிரந்தரமாக இங்கே வாழும் எண்ணம் இல்லாதவர் என்று மனு தள்ளுபடியானது. பெற்ற தாயை அடக்கம் செய்ய அனுப்பிய பணம், அவர் இந்த நாட்டை விரும்பவில்லை என்பதற்குச் சான்றாயிற்று. அப்பா அப்போது இளந்தாரி. தாத்தாவோடு கண்டிக்குப் போய் வந்தவர் அவர். திரும்பும் வழியில் தாத்தா ஒரு வார்த்தையும் பேசவில்லை என்றும், லயத்துக்கு வந்து சேர்ந்த பிறகு, "ஆத்தாவ இல்லேன்னு சொல்ல எனக்கு வாய் வரலடா" என்று மட்டும் சொன்னார் என்றும் அப்பா எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. நாடற்றவர்கள் 975,000 பேர் என்று கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதாகவும், மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவதாகவும் இரண்டு அரசுகளும் முடிவெடுத்தன. எங்கள் மக்களில் ஒருவரையும் கூப்பிட்டுக் கேட்கவில்லை. பின்னர் மனுக் கோரியபோது சுமார் ஏழு லட்சம் பேர் இலங்கையையும் சுமார் நான்கு லட்சம் பேர் இந்தியாவையும் கேட்டார்கள். மக்கள் கேட்டதற்கும் அரசுகள் ஒதுக்கியதற்கும் இடையே இருந்த தூரம் அவ்வளவு. அந்த ஏழு லட்சம் பேரில் அப்பாவும் ஒருவர். தோட்டத்துச் சங்கத்தின் தலைவராக அவர் அப்போது இருந்தார். மற்றவர்களின் மனுக்களை என்னைக் கொண்டு நிரப்பவைத்தார். ஸ்தோப்பில் சிமினி விளக்கு வைத்து நான் எழுத, ஒவ்வொருவரும் பிறந்த இடம், பேர் பதிந்த நாள் என்று சொல்வார்கள். நினைவில்லாத தேதியை யூகித்து எழுத அப்பா விடமாட்டார். "தெரியலேன்னா தெரியலேன்னே எழுது தம்பி" என்பார்.

1973இன் கடைசியில் பசி வந்தது. உலகத்தில் எண்ணெய் விலை ஏறியது, கோதுமையும் அரிசியும் ஏறின, அரசாங்கம் பங்கீட்டுக் கூப்பனைக் குறைத்து மா விலையைக் கூட்டியது. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு அரிசி கொண்டுபோகத் தடை. சாலைகளில் பொலிஸார் பைகளைக் கொட்டிப் பார்த்தார்கள். இது நாடு முழுவதற்கும் வந்த கஷ்டம். ஆனால் எங்களைச் சுற்றியிருந்த சிங்களக் கிராமங்களில் வீட்டுக்கு ஒரு பலா நின்றது, மரவள்ளி இருந்தது, துண்டு வயல் இருந்தது. எங்களுக்கு வாசற்படி வரைக்கும் தேயிலை. அந்தத் தேயிலையும் எங்களுடையது அல்ல. 1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியாருக்கு 50 ஏக்கர் உச்சவரம்பு வைத்தது. நாளைக்குத் தோட்டம் தங்களிடம் இருக்குமா என்று தெரியாத முதலாளிமார் செலவைச் சுருக்கினார்கள், உரம் நின்றது, வேலைநாள் குறைந்தது. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போனால் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பினார்கள். வேலை கிடைத்தவர்களுக்கும் பல நாள் அரைநாள் சம்பளமான அரைப்பேர்தான்.

முதலில் அம்மாவின் தோடு கலஹா பஜாருக்குப் போனது. பிறகு பித்தளைக் குடம், பிறகு கம்பளி. மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிக் குடித்தோம். கானோரத்தில் முளைத்த கீரை எல்லாம் தீர்ந்தது. பிறகு சாயத் தண்ணி மட்டும். கொழுந்து எடுக்கப் போன பெண்கள் நிறைக்கு வந்து நிற்கும்போதே சரிந்து விழுந்தார்கள். பிள்ளைக் காம்பராவில் குழந்தைகள் அழுவதை நிறுத்தியிருந்தன. பிள்ளைகள் அழாத பிள்ளைக் காம்பரா எவ்வளவு பயங்கரமானது என்று அங்கே ஆயாவாக இருந்த என் பெரியம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். குடும்பம் குடும்பமாகக் கண்டிக்கு நடந்து போனவர்கள் பஸ் நிலையத்தில் கையேந்தினார்கள். தலைமுறை தலைமுறையாகக் கைக்காசுக்கு மலையேறி உழைத்தவர்கள் கையேந்துவதைப் பார்த்த நகரத்துக்காரர்கள், தோட்டத்துப் பிச்சைக்காரர்கள் என்று பேர் வைத்தார்கள்.

1974இல் தோட்டப் பகுதிகளில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 140க்கும் மேற்பட்டவை ஒரு வயதுக்குள் இறந்தன. நாடு முழுவதற்கும் அந்த எண் சுமார் 51. இது அரசாங்கத்தின் சொந்தப் புள்ளிவிவரம். பல ஆண்டுகள் கழித்துக் கண்டியில் ஒரு நூலகத்தில் இதை வாசித்தபோது எனக்குக் கை நடுங்கியது. இறந்தவர்களின் எண்ணிக்கையை அவர்கள் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஏன் இறந்தார்கள் என்ற இடத்தில் மட்டும் வேறு எழுதினார்கள். தோட்டங்களெங்கும் நிகழ்ந்த சாவு அங்கங்கே தனித்தனி நோயாகப் பிரிக்கப்பட்டு, ஒருவரும் பதில் சொல்லத் தேவையில்லாத ஒன்றாக ஆக்கப்பட்டது.

பேச முன்வந்தவர்கள் இருந்தார்கள். 1972இல் கண்டியில் சத்தியோதயம் என்ற நிலையத்தைத் தொடங்கிய இயேசுசபைத் துறவி போல் கஸ்பேர்ஸ், சிங்கள, தமிழ் இளைஞர்களை ஒன்றாக இருத்தி வேலை செய்தவர், தோட்டங்களின் நிலையை விடாமல் எழுதினார், பேசினார். பிரித்தானியாவின் கிரனாடா தொலைக்காட்சி இந்த லயங்களைப் படம் பிடித்துக்கொண்டு போய், தேநீர் குடிக்கிற நாட்டுக்குக் காட்டியது. இப்படி வெளியில் பேச்சு எழத் தொடங்கிய காலத்தில்தான் கையெழுத்துக்காக ஒரு தாள் எங்கள் தோட்டத்துக்கு வந்தது.

ஒரு நாள் மத்தியானம் அப்பாவை ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். தாள் சிங்களத்தில் இருக்கும் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. கலஹா பஜாரில் விளையாடி வளர்ந்த எனக்கு அந்த எழுத்து வாசிக்க வரும். தொழிலாளர்கள் ஆபீசுக்குள் போவதில்லை. வெளியே ஜன்னலடியில் நின்றுதான் பேச வேண்டும். உள்ளே நிர்வாகத்தார் இருவரும், வெளியிலிருந்து வந்த ஓர் அதிகாரியும் இருந்தார்கள். இன்னும் இரண்டு டிவிசன்களின் தலைவர்மார் எங்களுக்கு முன்பே வந்து கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

நான் வாசித்தேன். இந்தத் தோட்டத்தில் இந்த ஆண்டு உணவின்மையால் மரணம் எதுவும் நிகழவில்லை, நிகழ்ந்த மரணங்கள் நோயினாலும் வயதினாலும் ஆனவை, வெளியார் பரப்பும் செய்திகள் தவறானவை என்று தொழிலாளர் பிரதிநிதிகள் உறுதி கூறுவதாக எழுதியிருந்தது. அப்பா இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். வந்திருந்த அதிகாரி மரியாதையாகவே பேசினார். அப்பாவின் பிரஜாவுரிமை மனு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டார். கண்டியில் அதைப் பார்ப்பவர்களைத் தமக்குத் தெரியும் என்றார். தமிழில்தான் சொன்னார், நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

அப்பா தலைத்துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு, இறந்தவர்களின் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். ஒவ்வொருவரும் எந்த லயம், எத்தனையாவது காம்பரா, கடைசியாக வீட்டில் அடுப்பெரிந்தது என்றைக்கு என்று சொன்னார். எங்கள் லயத்துக் கோடியில் இருந்த கிழவி, தன் பங்கு ரொட்டியைப் பேரனுக்குக் கொடுத்துவிட்டுத் தனக்கு வயிறு சரியில்லை என்று நாள்கணக்கில் சொல்லிவந்ததைச் சொன்னார். பால் வற்றிய தாய் ஒருத்தியின் பிள்ளையைச் சொன்னார். அந்தப் பெண்ணின் கணவனும் எங்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். போதும் என்று ஒரு நிர்வாகி கை காட்டினார். அப்பா நிறுத்தவில்லை. முழுவதையும் சொல்லி முடித்த பிறகு இப்படிச் சொன்னார்:

"அய்யா, செத்துப்போனவங்களுக்குப் பிரஜாவுரிமை இல்லீங்க, ஓட்டு இல்லீங்க, காணி இல்லீங்க. அவங்களுக்குன்னு மிச்சம் இருக்கிறது எங்க சாட்சி ஒண்ணுதாங்க. அதையும் எழுதி வாங்கிக்கிட்டா எப்படிங்க?"

அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. தாளை மடித்து வைத்துக்கொண்டார்கள். நாங்கள் மலையேறி வீட்டுக்கு வந்தோம்.

அன்றைக்கு அவருக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். எங்களுக்குப் பக்கத்து ஹேவாஹெட்டவில் முல்லோயா தோட்டம் இருக்கிறது. 1940 ஜனவரி 10இல் அங்கே வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களில் ஒருவரான கோவிந்தனைப் பொலிஸார் சுட்டுக் கொன்றார்கள். அந்தச் சூட்டை விசாரிக்க ஆணைக்குழு அமைந்தது. கொல்வின் ஆர். டி சில்வா கோவிந்தனின் தரப்பில் வாதாடினார். லயத்துச் சனங்கள் வெள்ளைக்காரனின் ஆட்சியிலேயே அதன் பொலிஸுக்கு எதிராகச் சாட்சி சொன்னார்கள். தாத்தா அந்தக் கதையை எங்களுக்கு வீரக் கதையாகச் சொன்னதில்லை. கேட்டால் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்பதற்கு எடுத்துக்காட்டாகத்தான் சொல்வார். 1974இன் சாவுகளுக்கு எந்த ஆணைக்குழுவும் வரவில்லை. ஓர் ஆபீஸ் ஜன்னல் மட்டுமே வாய்த்தது. அப்பா அந்த ஜன்னலையே சாட்சிக் கூண்டாக எடுத்துக்கொண்டார்.

அதன் பிறகு எங்கள் வாழ்க்கை மாறியது. அப்பாவைத் தூரத்து மலைக்கு மாற்றினார்கள். எவ்வளவு வெட்டினாலும் குறை சொல்லி அரைப்பேர் போட்டார்கள். சங்கத்திலும் அவருடைய இடம் போனது. ஒத்துப்போகத் தெரியாதவர் தலைவராக இருந்தால் எல்லோருக்கும் கேடு என்று பேசிக்கொண்டார்கள். நான் கலஹாவில் படித்துவந்த படிப்பு அத்தோடு நின்றது. நானும் பேர் பதிந்து கவ்வாத்துக் கத்தியோடு மலைக்குப் போனேன். சில மாதங்களில் அப்பாவின் பிரஜாவுரிமை மனு நிராகரிக்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. காரணம் ஒற்றை வரியில் இருந்தது. அதில் அந்தத் தாளைப் பற்றி ஒன்றும் இல்லை. அந்தக் கடிதத்தையும் அப்பாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன்.

அம்மா அன்றைக்கு வெடித்தாள். "ஒங்க உண்மைய ஒலையில போட்டா சோறாகுமா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை நான் இன்றுவரை இலேசாக எடுத்துக்கொண்டதில்லை. ஒருவர் நேர்மையாக இருக்க முடிவு செய்யும்போது அதற்கான விலையை அவரோடு சேர்ந்து வாழ்பவர்களும் கொடுக்கிறார்கள். அவர்களிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. அம்மா அப்பாவோடு பல காலம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் பக்கத்துக் காம்பராப் பெண் ஒருத்தி, "ஒம் புருசன் கையெழுத்துப் போட்டிருந்தா எல்லாருக்கும் நல்லதா போயிருக்கும்" என்று சொன்னபோது, "போட்டிருந்தா ஒம் மாமியா வயித்தால போயி செத்தான்னு ஆயிருக்கும், ஒனக்குச் சம்மதமா?" என்று திருப்பிக் கேட்டவளும் அம்மாதான். அவளும் அந்தச் சாட்சியில் நின்றவள்தான். அவள் பட்ட துன்பம் அப்பாவுடையதைவிடக் குறைந்தது அல்ல.

கையெழுத்துப் போட்டவர்களை அப்பா ஒருநாளும் ஏசியதில்லை. அவர்களில் ஒருவருக்கு ஏழு பிள்ளைகள். அன்றைக்குக் கையெழுத்துக்குப் பிறகு அவர் வீட்டுக்கு அரை மூட்டை மா போனது என்று பேச்சு. "அந்தப் புள்ளைங்க தின்னுச்சு இல்ல, விடு" என்றார் அப்பா. பசித்தவனிடம் பொய்யை விலைக்குக் கேட்டவர்கள்தான் குற்றவாளிகள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை. நானும் அப்படியே நினைக்கிறேன்.

அக்காவின் புருசன் வீட்டார் இந்தியாவுக்கு மனுப் போட்டிருந்தார்கள். பட்டினிக்குப் பிறகு அவர்கள் காத்திருக்க விரும்பவில்லை. 1976இல் அவர்களுக்குப் பாஸ்போர்ட் வந்தது. தலைமன்னாருக்குப் போகிற கோச்சியை எங்கள் ஆட்கள் ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். கண்டி நிலையத்தில் வண்டி நகரத் தொடங்கியதும் உள்ளே இருந்தவர்களும் வெளியே நின்றவர்களும் ஒரே குரலில் அழுதார்கள். அக்கா கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அப்பாவப் பாத்துக்கடா" என்று மட்டும் கத்தினாள். கப்பலில் இராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம், பிறகு கோத்தகிரிப் பக்கம் மறுபடியும் தேயிலை. அங்கே அவளைச் சிலோன்காரி என்றார்கள். இங்கே எங்களை இந்தியாக்காரர் என்றார்கள். அம்மா இறந்த செய்தி அவளுக்குத் தபாலில் போய்ச் சேர்ந்தபோது கருமாதியே முடிந்திருந்தது.

1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமையாயின. மக்களுக்குக் காணி என்று சொன்னார்கள். மத்திய மலைநாட்டில் பல தோட்டங்களில் அந்த மக்கள் கணக்கில் நாங்கள் சேரவில்லை. டெவன் தோட்டக் காணிகளைப் பறிக்க வந்தபோது எதிர்த்து நின்ற சிவனு லெட்சுமணன் 1977 மே 11இல் பொலிஸ் சூட்டில் செத்தார். அதே ஆண்டு ஓகஸ்டில் கலவரம் வந்தது. ஒரு இரவு கீழிருந்து தீப்பந்தங்கள் ஏறி வருவதைக் கண்டு தேயிலைக்குள் ஓடினோம். விடியும்போது எங்கள் லயத்தில் கூரை இல்லை. கிராமத்துச் சிங்களப் பெரியவர் ஒருவர் அப்பாவையும் அம்மாவையும் என்னையும் தம் வீட்டுப் பரணில் ஏற்றிவைத்தார். தேடி வந்தவர்களிடம், இங்கே தமிழர் ஒருவரும் இல்லை என்று புத்தர் படத்தின் முன்னால் நின்று சொன்னார். பரணில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தோம். செத்தவர்களை மறைக்கச் சொன்ன சொல்லுக்கும், உயிரோடிருப்பவர்களை மறைக்கச் சொன்ன சொல்லுக்கும் உள்ள வேற்றுமையை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அப்பா அந்தப் பெரியவர் இருந்தவரை வருசப் பிறப்புக்கு வெற்றிலை கொடுத்து அவர் காலில் விழுந்து கும்பிடுவார். "உண்மையான மனுசன்" என்றுதான் அவரைப் பற்றிச் சொல்வார்.

எரிந்த லயங்களிலிருந்து பல குடும்பங்கள் வவுனியாவுக்குப் போயின. அங்கே கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் நடத்திய காந்தியம் அவர்களுக்குக் குடிசையும் கிணறும் பள்ளியும் தந்தது. இருவரும் 1983 ஏப்ரலில் பிடிக்கப்பட்டார்கள். யூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் இராஜசுந்தரம் அடித்துக் கொல்லப்பட்டார். எங்கள் தோட்டத்திலிருந்து போன ஒரு குடும்பம் அவருடைய படத்தைச் சாமி படத்தோடு வைத்திருந்ததைக் கண்டிருக்கிறேன்.

நாங்கள் போகவில்லை. அப்பா அசையவில்லை. செத்தவர்களை விட்டுப் போனால் சாட்சி யார் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். 1988இல் 39ஆம் இலக்கச் சட்டம் வந்தது. இந்தியாவுக்கு மனுப் போடாத நாடற்றவர்கள் இலங்கைப் பிரஜைகள் ஆனார்கள். சத்தியக் கடதாசி ஒன்றைச் சான்றாகக் கொடுக்கலாம் என்றார்கள். கலஹாவில் சமாதான நீதவான் ஒருவரின் முன்னால் அப்பா அதில் கையெழுத்துப் போட்டார். நாற்பது ஆண்டு மூன்று தலைமுறையின் சொல்லை நம்ப மறுத்த அரசு, கடைசியில் அவருடைய சொல்லையே சான்றாக ஏற்றது. எங்கள் வீட்டில் அன்றைக்குக் கொண்டாட்டம் எதுவும் நடக்கவில்லை. தாத்தா இல்லை, அம்மா இல்லை, அக்கா கோத்தகிரியில். அப்பா அடுத்த தேர்தலில் விடியற்காலையிலேயே குளித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வாக்குப் போடப் போனார். அதற்குப் பின் நீண்ட காலம் அவர் இருக்கவில்லை.

2003இல் இன்னொரு சட்டம் மிச்சமிருந்த நாடற்றவர்களுக்கும் பிரஜாவுரிமை கொடுத்தது. 2023இல் மலையகத் தமிழர் இந்த நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டானதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு எங்கள் மக்கள் நடந்தார்கள். முழங்காலுக்குள் வலி வைத்துக்கொண்டு நானும் கடைசிப் பகுதியில் நடந்தேன். சிங்களப் பெண்கள் தண்ணீர் கொடுத்தார்கள். மேடைகளில் உழைப்பைப் புகழ்ந்தார்கள், சம்பளம் பற்றியும் காணி பற்றியும் வீடு பற்றியும் பேசினார்கள். அவை எல்லாம் வேண்டியவை. ஆனால் 1974ஐப் பற்றி நான் நின்ற இடத்தில் ஒருவரும் பேசவில்லை. பக்கத்தில் நடந்த ஆசிரியப் பிள்ளை ஒருத்தி, "அப்படி ஒரு பஞ்சமா தாத்தா? எங்க புத்தகத்துல இல்லையே" என்றாள்.

அவள் சொன்னது சரி. அந்த ஆண்டு நம் புத்தகத்தில் இல்லை. பிரஜாவுரிமை திரும்பி வந்தது, வாக்கு வந்தது, அமைச்சர்கள்கூட வந்தார்கள். காரணம் என்ற கட்டத்தில் எழுதிய பொய் மட்டும் அப்படியே இருக்கிறது. திருத்தப்படாத வரைக்கும் அது பழைய பொய் ஆகிவிடாது. ஒவ்வொரு நாளும் புதிதாகச் சொல்லப்படுகிற பொய்யாகவே இருக்கும். அந்தப் பதிவேடுகளைத் தோட்டங்களிலும் கச்சேரிகளிலும் தேடி எடுக்க வேண்டும். ஆராய்ச்சி மாணவர்களுக்கு அவற்றைத் திறந்துவிட வேண்டும். தூக்கிச் சுமந்தவர்களும் புதைத்தவர்களும் உயிரோடிருக்கும்போதே தோட்டம் தோட்டமாகப் போய் அவர்கள் சொல்வதைப் பதிய வேண்டும். மலையகத்தில் படித்த பிள்ளைகள் இன்று ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். பேராதனைப் பல்கலைக்கழகம் எங்கள் மலையடிவாரத்தில் இருக்கிறது. இது செய்ய முடியாத காரியம் அல்ல.

அப்பா ஜன்னலடியில் சொன்ன பெயர்களை நான் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். குடும்பத்தார் சம்மதம் இல்லாமல் அவற்றை இங்கே அச்சில் தரமாட்டேன். கேட்டு வருகிற எவருக்கும், அந்தந்தக் குடும்பத்தின் முன்னிலையில், பெயர், லயம், காம்பரா, இறந்த நாள், காரணம் என்று வாசித்துக் காட்ட ஆயத்தமாக இருக்கிறேன். காரணத்தின் நேரே ஒவ்வொரு வரியிலும் பசி என்று எழுதியிருக்கிறேன்.